சிங்கத்தின் நாற்காலியில்

அன்புள்ள வாயாடிக்கு,

நீ திட்டி எழுதியது வந்து சேர்ந்தது. பதில் போடாமல் இருந்தவளைத் திட்டாமல் கொஞ்சவா முடியும்? வீட்டில் எல்லோரும் நலம். முதுகுவலிதான் வந்து வந்து போகிறது. பிசியோதெரபிஸ்டுக்கே முதுகுவலியா என்று சிரிக்காதே, உன் கழுத்து எனக்கும் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். முதுகலை மாணவர்களை வார்டில் மேற்பார்வை செய்யும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆமாம், ரவுண்ட்ஸில் நம்மை நடுங்கவைத்த அந்தச் சிங்கம் உட்கார்ந்த நாற்காலி. நீ இப்போது எப்படிச் சிரிப்பாய் என்று தெரியும், சிரித்து முடி. இதற்கென்று தனியாக ஒரு பயிற்சி இருக்கிறது, அதில் நானும் மாணவி. நன்றாகச் சிகிச்சை செய்யத் தெரிந்தால் மேற்பார்வையும் தானாக வந்துவிடும் என்று நம் காலத்தில் நினைத்தார்கள். அதனால்தான் ரவுண்ட்ஸ் என்றாலே பஞ்சு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

முதலில் பழக்கியது ‘ஒரு நிமிட ஆசிரியர்’ முறை. அமெரிக்கக் குடும்ப மருத்துவர் நெஹரும் அவருடைய சகாக்களும் 1992-இல் எழுதியது. வார்டில் நின்றபடியே செய்யக்கூடியது என்பதால் எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு மாணவன் வந்து, “பக்கவாத நோயாளியை இன்று எழுப்பி நிற்க வைக்கலாமா மேடம்?” என்று கேட்கிறான் என்று வை. நாமாக இருந்தால் உடனே ஆமாம், இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவோம். இதில் அது கூடாது. “நீ என்ன நினைக்கிறாய்?” என்று அவனை ஒரு முடிவுக்கு வரவைக்க வேண்டும். வேண்டாம் என்கிறான். “எதை வைத்துச் சொல்கிறாய்?” காலையில் உட்கார வைத்தபோது தலை சுற்றுகிறது என்றாராம். பி.பி. பார்த்தாயா? பார்க்கவில்லை. இப்போதுதான் நாம் வாயைத் திறக்கலாம், அதுவும் ஒரே ஒரு பொது விதியோடு: படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார், மேல் அழுத்தம் 20 இறங்கியிருந்தால் அவசரப்படாதே. அதன்பின் அவன் சரியாகச் செய்தது என்ன என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும் (நோயாளி சொன்னதைக் காதில் வாங்கினானே, அது). கடைசியில் திருத்தம். வெறுமனே “குட்” என்று தோளில் தட்டுவது ஃபீட்பேக்கில் சேராதாம்.

இதில் எனக்குக் கஷ்டமானது கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி வகுப்பறைகளைக் கவனித்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்களாம். அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில்கள் நீளமாகவும் யோசித்ததாகவும் மாறியிருக்கின்றன. மூன்று விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியாது. நீ இருந்ததே இல்லையே!

அப்புறம் எவ்வளவு தள்ளி நிற்பது என்ற கேள்வி. நெதர்லாந்தின் மருத்துவக் கல்வி ஆய்வாளர் டென் காட்டே 2005-இல் முன்வைத்த யோசனை ஒன்றிலிருந்து வளர்ந்த படிநிலைகள் உண்டு: பார்க்க மட்டும் விடுவது, பக்கத்தில் நின்று செய்யவிடுவது, கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருப்பது, தனியே விடுவது, பிறரை மேற்பார்வை செய்யவிடுவது. ஒருவரை மொத்தமாக எடைபோட்டு ஒரு படியில் நிறுத்துவதில்லை, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். மூட்டு அசைவு அளப்பதில் தனியே விடலாம். அதே ஆள் நோயாளியைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது என் கை பக்கத்தில் இருந்தாக வேண்டும். “அவன் கெட்டிக்காரன், விட்டுவிடு” என்று நம்மை விட்டார்களே, நாலாம் வார்டு நாற்காலி ஞாபகமிருக்கிறதா?

சரி, கிண்டல் போதும். என் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. மேற்பார்வைக்கு மூன்று வேலை என்று பிரிஜிட் பிராக்டர் சொல்லியிருக்கிறார்: தரத்தைக் காப்பது, திறமையை வளர்ப்பது, ஆளைத் தாங்கிப் பிடிப்பது. ஏட்டில் அழகாக இருக்கிறது. ஆனால் “தெரியாததைத் தயங்காமல் கேள்” என்று சொல்வதும் நான், மதிப்பெண் போடுவதும் நான் என்றால், எவள் என்னிடம் தெரியாது என்று சொல்வாள்? நான் அவள் இடத்தில் இருந்தால் சொல்ல மாட்டேன்.

ஒரு பெண் இருக்கிறாள். பெயர் வேண்டாம். நோயாளிகளுக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். நேரத்துக்கு வருவாள், முகம் சுளிக்க மாட்டாள். ஆனால் நோயாளியின் நிலை மாறினாலும் நேற்றுச் செய்ததையே இன்றும் செய்கிறாள். ஏன் என்று கேட்டால் கண் கலங்குகிறது. முந்தைய வார்டுப் போஸ்டிங்குகளின் மதிப்பீட்டுப் படிவங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் “நல்ல முயற்சி”. ஒவ்வொருவரும் அடுத்தவர் சொல்லட்டும் என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள். இது உலகம் முழுக்க நடப்பதுதான். கனடாவில் டூடெக்கும் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தேறாதவரைத் தேறவில்லை என்று எழுத மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கையில் எழுதிவைத்த ஆதாரம் இல்லை, எதை எழுதிவைப்பது என்றும் தெரியாது, மேல்முறையீடு வருமோ என்ற பயம், தேறாதவருக்குப் பிறகு என்ன வழி என்று தெரியாதது. இந்த நான்கும்தான் பெரிதாக வந்தன.

அதனால் அவள் பக்கத்தில் நின்று பார்த்ததை மட்டும் தேதி போட்டு எழுதிவருகிறேன். “சோம்பல்”, “ஆர்வமில்லை” மாதிரிச் சொற்களுக்கு இடமில்லை. என்ன செய்தாள், என்ன கேட்டேன், என்ன சொன்னாள், அவ்வளவுதான். படிவம் பேசுவதற்குமுன் நான் பேசிவிட வேண்டும், போஸ்டிங் பாதியில் இருக்கும்போதே. திருத்திக்கொள்ள நாள் மிச்சமிருக்க வேண்டுமே. அதற்குப் பிறகும் மாறாவிட்டால் தேறவில்லை என்றுதான் எழுதுவேன், அதில் மாற்றமில்லை. எப்படி ஆரம்பிப்பது என்பதில்தான் தடுமாறுகிறேன்.

இதை உன்னிடம் கேட்கக் காரணம் உனக்கே தெரியும். அந்த வருடம் உன்னை நிறுத்திவைத்தபோது, கடைசி வாரம்வரை யாரும் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை. நாமும் இத்தனை வருடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. முன்பே ஒருவர் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் உன்னால் கேட்டிருக்க முடியுமா? எந்த வார்த்தையில் சொல்லியிருந்தால்? தனியாகவா, உடன் ஒருவர் இருக்கவா? வலித்தால் எழுதாதே, அடுத்த முறை பேசும்போது திட்டிவிட்டுச் சொல். ஆனால் அடுத்த வாரத்துக்குள் சொல். அவளிடம் வெள்ளிக்கிழமை பேசுவதாக இருக்கிறேன்.

உன்,
குச்சி

பி.கு.: பஞ்சுவும் மேற்பார்வையாளர் ஆகிவிட்டாளாம். அவள் வார்டுக் கழிவறையில் இப்போது யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்.