மூத்தப்பாவின் உடுக்கு

திரொம்சோ, நோர்வே

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். போன கிழமை காசு அனுப்பினேன், தங்கச்சியிடம் கேட்டுப் பாருங்கள். மீன் பக்டரியில் லீவு கிடைத்து ஒரு இடத்துக்குப் போய் வந்தேன். வந்ததிலிருந்து மூத்தப்பாவின் உடுக்குத்தான் நினைவில் நிற்கிறது.

இந்த நாட்டின் ஆதிக்குடிகளுக்குச் சாமி என்று பெயர். நாம் கும்பிடுகிற சாமி இல்லை, இனத்தின் பெயரே அதுதான். பனிமான் மேய்க்கிற சனம் என்றுதான் வெளியே தெரியும். ஆனால் நம்மைப் போலக் கடற்கரையில் மீன்பிடித்து வாழ்ந்த சாமிகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய மன்டாலன் என்ற ஊரில் 1991 இலிருந்து ஜூலை மாதத்தில் ஒரு விழா நடக்கிறது. ரித்து ரித்து என்று பெயர். கரையோரத்துச் சின்னப் புயல் என்று அர்த்தமாம். வாகரைக் கடற்கரையில் பிறந்தவனுக்கு அதை விளங்கப்படுத்தவா வேண்டும்!

இரவிலும் இருட்டாத நேரம். கூடாரங்கள் நடுவே நெருப்பு. வேறு வேறு நாட்டு ஆதிக்குடிகளும் வந்து தங்கள் பாட்டைப் பாடினார்கள். மறுகா ஒரு கிழவி எழும்பி வந்தார். கையில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடி, வலது கையைத் தண்ணீரைத் தடவுவது போல அசைத்துக்கொண்டு, சொல்லே இல்லாமல் பாடினார். அதற்கு யொய்க் என்று பெயர். பக்கத்தில் இருந்த பெடியன், "செத்துப்போன தாயைப் பாடுகிறா" என்றான். தாயைப் பற்றியா என்று கேட்டேன். "பற்றி இல்லை, தாயையே பாடுகிறா" என்றான். பாட்டுக்குத் தொடக்கமும் தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை. எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

இந்தப் பாட்டைப் பாவம் என்று பாதிரிமார் தடுத்தார்களாம். பள்ளிக்கூடங்களிலும் பாட விடவில்லை. அவர்களுடைய மேளங்களைப் பறித்து எரித்தார்கள். 1691 இல் ஒரு கிழவரிடம் பறித்த மேளம் ஒன்று டென்மார்க்கில் கிடந்து, 2022 இல்தான் சாமிகளுக்கே திரும்பச் சொந்தமானது. இந்த விழா நடக்கிற பகுதியில் ஊர்ப்பலகையில் சாமி மொழியில் பெயர் எழுதியதற்கு அதைத் துப்பாக்கியால் சுட்டு ஓட்டை போட்டிருக்கிறார்கள். பயத்தில் நிறையப் பேர் சாமி என்று சொல்வதையே விட்டுவிட்டார்களாம். நாம் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று கேட்ட இளம்பிள்ளைகள்தான் இந்த விழாவைத் தொடங்கியவர்கள்.

அம்மா, நாம் வேடர் குடி என்பதால் பள்ளிக்கூடத்தில் "வேடன்" என்று கேலியாகக் கூப்பிட்டார்கள் என்று நான் அழுதுகொண்டு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு சடங்குப் பந்தல் பக்கமே நான் போகவில்லை. மூத்தப்பா உரு வந்து ஆடி, குறி போலக் கட்டுச் சொல்கிற நேரம் நான் கடற்கரையில் ஒளிந்திருந்தேன். அவர் கூப்பிட்டு வேப்பிலையால் தடவ வந்தபோது தலையை இழுத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கையை எடுத்துவிட்டார். அதை நினைத்து இப்போது அழுகிறேன்.

நாம் பேசுவது தமிழ்தான். ஆனால் சடங்குப் பாட்டில் மட்டும் வருகிற பழைய சொற்கள் இருக்கின்றனவே, அவை நம்முடைய கிழவர்களோடு போய்விட்டால் எங்கே தேடுவது?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். கூரை முகட்டில் சாக்கில் சுற்றி வைத்த உடுக்கை எடுத்துத் தோல் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்திருந்தால் காசு அனுப்புகிறேன், தெரிந்தவரிடம் கொடுத்துப் புதுத் தோல் போடுங்கள். யார் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டாம். அடுத்த சடங்குக்குத் தங்கச்சியின் மகனைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், பின்னால் நிற்க விடாமல், சடங்கை நடத்துகிற கட்டாடியாருக்குப் பக்கத்தில் இருத்துங்கள்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை நான் போன் எடுக்கும்போது, மூத்தப்பா குமார தெய்வத்துக்குப் பாடியதை எனக்கு ஒருக்காப் பாடிக் காட்டுங்கள். நடுவில் சொல் மறந்தால் ராகத்தை மட்டும் இழுங்கள். நான் பதிவு செய்து வைப்பேன்.

உங்கள் அன்பு மகன்