மருமகனின் முதல் மொட்டைக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். வெளிநாட்டில் பிறந்த இந்தியக் குழந்தைகளின் பிறப்பைப் பதிவு செய்யத் தூதரகக் கவுன்டரில் விண்ணப்பம் வாங்குகிறவர்களுக்கும், ஒரு வருடம் தாண்டிவிட்டால் அதற்கு அனுமதி தர வேண்டிய டெல்லி மேசைக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எந்த நாடு, எந்தத் தூதரகம் என்று எழுதவில்லை. என் மச்சான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார், கோப்பும் உங்களிடம்தான் இருக்கிறது. எங்கள் விண்ணப்ப எண் உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். பதினைந்து மாதமாக மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிற திருப்பூர்க்காரன் நான்தான்.

கேட்பது இவ்வளவுதான். என் அக்கா பையனின் பிறப்புப் பதிவில் முடிவைச் சொல்லுங்கள். குறை ஏதாவது இருந்தால் அத்தனையையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். அக்காவும் மச்சானும் இந்தியக் குடிமக்கள். மச்சான் இங்கே பனியன் கம்பெனியில் இருபது வருடம் இருந்துவிட்டு, வெளிநாட்டில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரிக்குப் புரொடக்‌ஷன் மேனேஜராகப் போனவர். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, 2023 ஆவணியில் பையன் பிறந்தான். பிறந்த மண் என்பதற்காக அந்த நாடு குடியுரிமை தராது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கிற குழந்தையை ஒரு வருடத்துக்குள் நம் தூதரகத்தில் பதிந்தால்தான் அது இந்தியக் குழந்தை. தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். உங்கள் சட்டத்தை உங்களுக்கே சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

பையனுக்கு இரண்டு மாதம் ஆனபோதே அக்கா உங்கள் கவுன்டருக்கு வந்துவிட்டாள். ஒரு வருடக் கெடுவில் பத்து மாதம் பாக்கி இருந்தது.

முதல் குறை, பெயர். மச்சானின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நம் ஊரில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல், அதோடு சரி. அங்கே ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் கட்டம் காலியாக இருந்தால் ஒத்துக்கொள்ளாதாம். எழுதுகிற பெண் மச்சானிடமே அவருடைய அப்பா பெயரைக் கேட்டு, அதைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டாள். பிறப்புச் சான்றிதழில் இரண்டு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், ஆள் வேறு என்று திருப்பி அனுப்பினீர்கள். அதே பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் என்று அந்தப் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. அங்கத்திய நகராட்சியில் அதைத் திருத்தி வாங்க ஐந்து மாதம் ஆயிற்று.

திருத்திக்கொண்டு போனால் இரண்டாவது குறை. அக்கா பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இல்லை, கல்யாணப் பதிவுச் சான்றில் அரசு முத்திரை வாங்கி வரச் சொன்னீர்கள். அதற்கு அலைந்தவன் நான்தான், அந்தக் கதையை விடுங்கள். மூன்றாவது குறை, பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு நீங்கள் ஒத்துக்கொள்கிற ஆளிடம் செய்ததாக இல்லை. அதையும் முடித்துக்கொண்டு போன அன்றைக்குப் பையனுக்கு ஒரு வருடமும் பன்னிரண்டு நாளும் ஆகியிருந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று விளக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். “நாங்கள் தாமதித்ததற்கு வருந்துகிறோம்னு எழுதினேன், வேற என்னத்தடா எழுதுறது” என்றாள்.

நான் ஏற்றுமதிக் கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறவன். எழுத்துப் பிழை என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். ஏற்றுமதிப் பணத்துக்கு வங்கி தருகிற உத்தரவாதக் கடிதமான எல்.சி.யில் இருக்கிற கம்பெனிப் பெயருக்கும் இன்வாய்ஸில் இருக்கிற பெயருக்கும் ஓர் எழுத்து மாறினாலும் வங்கி பணத்தை நிறுத்திவிடும். டிஸ்கிரிபன்சி என்பார்கள். அதை நான் தப்புச் சொல்லவே மாட்டேன். ஆனால் உலகத்து வங்கிகள் எல்லாம் யூ.சி.பி. 600 என்று ஒரு விதித்தொகுப்பை வைத்திருக்கின்றன. காகிதம் கைக்கு வந்தபின் சரிபார்க்க வங்கிக்கு ஐந்து வேலை நாள்தான். குறை இருந்தால் அத்தனையையும் ஒரே அறிவிப்பில் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு ஒன்று, மூன்று மாதம் கழித்து இன்னொன்று என்று எடுத்துவிட முடியாது, கெடு போனால் வங்கிக்குத்தான் நஷ்டம். லாபத்துக்குக் கடை நடத்துகிற வங்கிக்கே, பத்தாயிரம் டி-ஷர்ட்டுக்கே, இந்த முறை இருக்கிறது. திருப்பூரில் நான் ஏற்றிவிட்ட அட்டைப்பெட்டி எந்தக் கன்டெய்னரில் இருக்கிறது, தூத்துக்குடியில் எந்தத் தேதி கப்பல் ஏறியது என்று இந்த நிமிடம் போனில் பார்த்துச் சொல்வேன். என் மருமகன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால் “பரிசீலனையில் உள்ளது” என்று வருகிறது.

சரி, முடிக்கு வருகிறேன்.

குழந்தை பிறந்தால் முதல் மொட்டையைக் குலதெய்வத்துக்குத்தான் போட வேண்டும் என்று அம்மா வேண்டியிருக்கிறார். மச்சான் வீட்டுக் கோயில் காங்கேயம் பக்கத்தில் இருக்கிறது. மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். அந்த மடி என்னுடையது. ஒரு வயதில் நடந்திருக்க வேண்டிய காரியம். பாஸ்போர்ட் இல்லாத குழந்தை விமானம் ஏற முடியாது, பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டு அக்காவும் வர முடியாது. முடிதானே, அங்கேயே வெட்டிவிட்டு அப்புறம் இங்கே வந்து ஒரு மொட்டை போட்டால் என்ன என்று நானே அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அம்மாவுக்கு வயது 71. “ஒம்பது வருசம் கழிச்சுக் குடுத்த சாமிகிட்ட வெட்டிப்போட்ட முடியையா குடுப்பே?” என்று கேட்டார். அதற்குமேல் நான் பேசவில்லை.

அதனால் பையன் தலையில் கத்திரி படவில்லை. பிறந்த முடி, அடர்த்தியான சுருட்டை, இப்போது தோளைத் தொடுகிறது. அக்கா காலையில் எண்ணெய் வைத்து, இரண்டாக வகுந்து, ரப்பர் பேண்ட் போட்டுவிடுகிறாள். சீப்பை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். வெயில் காலத்தில் பிடரியெல்லாம் வேர்க்குரு. பூங்காவுக்குக் கூட்டிப் போனால் உங்கள் மகள் அழகாக இருக்கிறாள் என்கிறார்களாம். முதலில் திருத்திக்கொண்டிருந்தாள், இப்போது தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்துவிடுகிறாள்.

போன ஆடியில் புதுப் புகைப்படம் கேட்டீர்கள். விண்ணப்பத்தில் ஒட்டியது அவனுக்கு ஒரு வயதில் எடுத்தது. அதில் நெற்றியில் நாலு சுருள்தான் விழுந்திருக்கும். புதுப் படத்தைப் பார்த்த உங்கள் அலுவலர், இதுவும் அதுவும் ஒரே குழந்தைதானா என்று கேட்டாராம். நீங்கள் காத்திருக்க வைத்ததில் வளர்ந்த முடி ஐயா அது. அதையும் நாங்கள்தான் விளக்க வேண்டியிருந்தது. காது தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்று முடியை எல்லாம் வாரிப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருக்க, பையன் அழுதுகொண்டே இருக்கிற அந்தப் படம்தான் இப்போது உங்கள் கோப்பில் இருப்பது. காதைப் பாருங்கள். இன்னும் குத்தவில்லை.

நானும் அவன் முதல் பிறந்தநாளுக்கு முன்பே தோடு வாங்கி வைத்துவிட்டேன். பவுன் அப்புறம் ஏறிய ஏற்றத்துக்கு, இந்தத் தாமதத்தில் லாபம் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். பட்டுச் சட்டையைத்தான் மாற்ற வேண்டியதாயிற்று. 12-18 மாத சைஸில் வாங்கியதை எடுத்து வைத்துவிட்டு 2-3 வயது சைஸ் வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் இன்னொன்று வாங்க வைத்துவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று உண்டு. பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்லுவார். கோயிலில் பூக் கேட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வருகிறவரை பழைய பொருளே இருக்கும். உங்கள் அலுவலகமும் இந்த முறையைத்தான் கடைப்பிடிக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒரு வித்தியாசம், சிவன்மலையில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணாடி வழியாகவாவது பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 9 அன்று வெளிநாட்டு இந்தியர் தினம் கொண்டாடுகிறோம். 1915இல் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுத் தாயகம் திரும்பிய நாள். மேடையில் வெளிநாடு வாழ் இந்தியர்கள் அனுப்புகிற பணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். மச்சான் மாதாமாதம் அனுப்புகிற பணத்துக்கு ஒருநாளும் விளக்கக் கடிதம் கேட்டதில்லை, இனிஷியலைப் பார்த்து வங்கி திருப்பி அனுப்பியதும் இல்லை. அக்கா, மச்சான் இரண்டு பேருக்கும் இங்கே ரேஷன் கார்டு இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. பிள்ளைக்கு மட்டும் நாடு இல்லை. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எதுவும் இல்லை என்று பெற்றோரிடம் உறுதிமொழி வாங்கினீர்களே, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுமே இல்லை என்பதற்கு ஒரு கட்டம் அந்த ஃபாரத்தில் இருந்திருந்தால் அதையும் அக்கா நிரப்பியிருப்பாள்.

இங்கே தாராபுரத்துப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் குழந்தை பிறந்து, 21 நாளில் பதியாமல், வருடமும் போய்விட்டால்கூட, கோட்டாட்சியர் விசாரித்து உத்தரவு போட்டால் பதிந்துவிடலாம். எந்த ஆபீஸ், யாரைப் பார்ப்பது என்று தெரியும். போய் வாசலில் நிற்கலாம். டெல்லியில் எந்த வாசலில் நிற்பது என்றாவது சொல்லுங்கள், நிற்கிறோம்.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கம் அம்மாவின் அம்மாவை அம்முச்சி என்போம். பையன் போனைக் காட்டி ‘அம்முச்சி’ என்கிறான். அம்முச்சி என்பது அந்தக் கறுப்புப் பொருளின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அம்மா தினமும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

மறுபடியும் தாழ்மையாகக் கேட்கிறேன். அக்கா உங்கள் கவுன்டருக்கு முதன்முதலில் வந்த நாளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பதிவுக்கான அனுமதி உத்தரவைப் போட்டுக் கொடுங்கள். முடியாது என்றால் முடியாது என்றே எழுத்தில் கொடுங்கள், அடுத்து என்ன செய்வது என்று வக்கீலைக் கேட்டுக்கொள்கிறோம். இன்னும் காகிதம் வேண்டுமென்றால் மொத்தப் பட்டியலையும் ஒரே தடவையில் அனுப்புங்கள், நான் அலைந்து வாங்கித் தருகிறேன்.

எங்களுக்கும் ஒரு கெடு இருக்கிறது. மொட்டையும் காதுகுத்தும் ஒற்றைப்படை வயதில்தான். பையனுக்கு இப்போது மூன்று நடக்கிறது, வருகிற ஆவணியோடு முடிகிறது. நடுவில் ஆடி ஒரு மாதம் போய்விடும். தை பிறந்ததும் பூசாரி போன் செய்து எந்த முகூர்த்தம் என்று கேட்டார். டெல்லியில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
ஒரு தாய்மாமன், திருப்பூர்