பெட் ஸ்கேனுக்கு முன் பால் டீயும் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் சாகும் என்ற வாட்ஸ்அப் பேச்சை நம்பிப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நோயாளிகள் சோற்றையே குறைக்கிறார்கள். சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரிக்கும். அதற்குத் தசைதான் கரையும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

காயத்தை ஆற்றும் தோல் செல்லோ, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவோ, பெருகத் தொடங்கினால் குளுக்கோஸைக் கூடுதலாக இழுக்கும். அதில் பாஸ்பேட்டைச் சேர்த்து வெளியேறாமல் பூட்டும் ஹெக்ஸோகைனேஸ்-2 நொதி பெருகும். குளுக்கோஸை உடைக்கும் கடைசிப் படியில் பைருவேட் கைனேஸ் என்ற நொதியின் எம்-2 வடிவம் மெதுவாக ஓடுவதால், இடைப்பொருள்கள் டிஎன்ஏ, கொழுப்பு கட்டத் திரும்புகின்றன. இயல்பான செல்லில் வேலை முடிந்ததும் இது அடங்கும், புற்றுநோயில் அடங்குவதில்லை.

புற்றுநோய் உடலில் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேன், குளுக்கோஸை இப்படிக் கூடுதலாக இழுப்பதைத்தான் படமெடுக்கிறது. ஊசியில் ஏற்றும் எஃப்டிஜியை (குளுக்கோஸைப் போன்ற கதிரியக்க மருந்து) ஹெக்ஸோகைனேஸ் பூட்டும். அடுத்த நொதியால் அதைத் தொட முடியாது, செல்லிலேயே தங்கும். ஆகவே கோவைக்கு ஸ்கேனுக்குப் போகிறவர்கள் 6 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடிக்கவும். சர்க்கரை போடாத பால் டீயும் கூடாது. பாலிலேயே சர்க்கரை உண்டு. முந்தைய நாள் மண்வெட்டி பிடித்தால் மருந்து தோள் தசைக்குப் போய்விடும். ரத்தச் சர்க்கரை 200 மி.கி.யைத் தாண்டினால் பெரும்பாலும் தள்ளிவைப்பார்கள். அதைக் குறைக்க அவசரமாக இன்சுலின் போட்டுக்கொண்டால் படமே கெடும். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்பார்மின், படத்தில் குடலை ஒளிரச் செய்யும். நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிடத்தில் பாதியாகும் என்பதால் வாளையாறு எல்லை நெரிசலையும் கணக்கிட்டுக் கிளம்புங்கள்.

ஸ்கேன் மையங்கள் இந்தக் குறிப்புகளைத் தமிழிலும் அச்சிட்டுத் தர வேண்டும்.

– வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்