அக்ராவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ பார்க்கச் சொன்ன அந்த பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷின் படங்களைப் பார்த்துவிட்டேன். கொசுவலை கட்டித்தானே தூங்குகிறாய்? மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா?

எனக்குப் பிடித்தது 'ஜாகுவார்'. நைஜர் பக்கத்து வாலிபர்கள் மூன்று பேர் பிழைப்புத் தேடி கோல்டு கோஸ்ட்டுக்கு நடந்தே போகிறார்கள். 1950களில் எடுத்த படம் 1967-ல்தான் வெளிவந்ததாமே. அதற்குள் கோல்டு கோஸ்ட் என்ற பெயரே போய், 1957-ல் நீ இருக்கிற கானா ஆகிவிட்டது. குமாசி சந்தையில் அவர்கள் 'சிறுகச் சிறுக' என்று பெயர் வைத்துக் கடை போடுகிற இடத்தை இரண்டு தரம் பார்த்தேன். கூவிக் கூவி விற்கிறார்கள், நம் கீழவாசல் தோற்றது. கடைசியில் ஊர் திரும்பி, கொண்டுவந்ததையெல்லாம் ஒரே நாளில் வாரிக் கொடுத்துவிடுகிறார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கென்னவோ அவர்கள் திரும்பி வந்ததே பெரிதாகப் பட்டது. குத்திக் காட்டுகிறேன் என்று நினைக்காதே.

ரூஷின் கேமராவுக்குச் சாவி கொடுக்க வேண்டுமாம். ஒரு முறுக்குக்கு 25 விநாடிதான் ஓடும், பேச்சும் பதிவாகாது. அப்புறம் அந்தப் பையன்களில் இரண்டு பேரை அக்ராவிலேயே உட்காரவைத்து, படத்தை ஓட்டிக் காட்டி, பார்த்தபடியே பேசச் சொல்லியிருக்கிறார். அவர்களே அவர்களைக் கேலி செய்துகொள்வது அதனால்தான் அவ்வளவு நன்றாக இருக்கிறது. நீயும் இப்போது போட்டோவாகவே அனுப்புகிறாய். கடற்கரை, சந்தை, உன் மேசை. எதிலும் பக்கத்தில் ஆள் இல்லை. அதற்குப் பேச்சை நாங்கள்தான் போட்டுக்கொள்கிறோம், அம்மா ஒரு விதமாக, நான் ஒரு விதமாக.

வாக்கிங் வருகிறவர்களிடம், ஆப்பிரிக்கா விடுதலையான காலத்துப் பிலிமையெல்லாம் என் பெண்தான் துடைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள் என்று சொன்னேன். "சம்பளம் உண்டா?" என்றார் ஒருவர். உங்கள் பையனைவிட அதிகம் என்று சொல்லிவிட்டேன். சும்மாதான். ஆனாலும் அன்றைக்கு பாங்க் பரீட்சையை எழுதி வைத்திருக்கலாம் நீ.

எங்களைப் பூச்சிகளைப் போலப் பார்க்கிறீர்கள் என்று செனகல் நாட்டு இயக்குநர் செம்பேன் 1965-ல் ரூஷின் முகத்துக்கு நேராகவே சொன்னாராம். ரூஷும் உட்கார்ந்து பதில் பேசியிருக்கிறார். நம் வீட்டில் அப்படிக் கேட்கிற ஆளும் இல்லை, பதில் சொல்கிற ஆளும் இல்லை. சரி, விடு.

வேளைக்குச் சாப்பிடு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கொசுவலையை மறக்காதே. பொங்கலுக்கு டிக்கெட் போடுவதாக இருந்தால் இப்போதே சொல், ஒன்றோ இரண்டோ, இங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை நம்பர் மாறிவிட்டதா? இருமலைப் பற்றி விசாரிக்கலாம் என்று போட்டேன், எடுக்கவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்பா