எரிமலை எச்சரிக்கையைப் பற்றி எழுதும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த எரிமலைக் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இத்தகைய பொருளைத் தமிழில் எழுத முன்வந்தமைக்குக் கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆயினும், அதனுடன் அச்சாகியிருந்த படத்தைப் பற்றியும், 'எரிமலை எப்போது வெடிக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது' என்று கட்டுரை முடிந்த விதத்தைப் பற்றியும், பள்ளியில் நெடுங்காலம் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படத்தில் மலைக்கு அடியில் ஓர் அண்டா நிறையச் செந்நிறப் பாறைக்குழம்பு, அதாவது மாக்மா, ததும்புகிறது. நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் அப்படித்தான் வரைந்தேன். ஆனால் பெரும்பாலான எரிமலைகளுக்கு அடியில் இருப்பது படிகங்கள் நெருக்கமாக அடைந்து, அவற்றின் இடுக்குகளில் மட்டும் உருகிய குழம்பு தங்கியிருக்கும் ஒரு கெட்டிக் கலவை என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. எங்கள் பக்கத்தில் பனங்கற்கண்டுக்காகப் பதநீரைப் பாகாகக் காய்ச்சி, நூல் கட்டிய பானையில் ஊற்றிப் பல வாரங்கள் அசையாமல் வைப்பார்கள். பின்பு திறந்தால் கற்கண்டு கட்டிகட்டியாக விளைந்திருக்கும், இடையிடையே உறையாத பாகும் நிற்கும். ஏறக்குறைய அதுதான் மாக்மா தேக்கத்தின் நிலை. படிகம் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்ட கலவை எளிதில் மேலெழாது. கீழிருந்து புதிய சூடான குழம்பு புகுந்து அதை இளக்கும்போதும், கரைந்திருந்த நீராவியும் வாயுக்களும் பிரிந்து அழுத்தம் கூடும்போதுமே அது கிளம்புகிறது. ஐஸ்லாந்தின் கிராஃப்லாவில் 2009-இல் நாலரை கிலோமீட்டர் ஆழத்தை இலக்காக வைத்துத் துளையிட்டவர்கள், 2.1 கிலோமீட்டரிலேயே உருகிய குழம்பில் போய் முட்டினார்கள். முன்னதாகச் செய்த நிலத்தடி ஆய்வுகள் எதிலும் அது தென்பட்டிருக்கவில்லை. கண்ணுக்கும் கருவிக்கும் இவ்வளவு எளிதில் தப்பக்கூடிய ஒன்றைப் பற்றித்தான் விஞ்ஞானிகள் கணித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படியும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ மலை சுமார் ஐந்து நூற்றாண்டுகள் அடங்கிக் கிடந்தது. 1991 ஏப்ரல் 2 அன்று அதன் சரிவில் நீராவி வெடித்துக் கிளம்பியதும், பிலிப்பைன்ஸ் எரிமலை மற்றும் நிலநடுக்கவியல் நிறுவனத்தாரும் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினரும் கருவிகளோடு அங்கே அமர்ந்தார்கள். மே நடுவில் நாளொன்றுக்கு 500 டன்னாக மலையிலிருந்து வெளிவந்த சல்பர் டை ஆக்சைடு வாயு, மே 28-இல் 5,000 டன்னைத் தாண்டியது. பின்பு திடீரென்று குறைந்து ஜூன் 5-ஆம் தேதி 300 டன்னுக்கும் கீழே இறங்கியது. வாயு குறைந்தது, மலை தணிந்தது என்று மகிழ்ந்திருக்கலாம். அவர்கள் அப்படி எண்ணவில்லை. நிலநடுக்கங்கள் ஓயாததைக் கண்டு, வாயு வெளியேறிய வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று அஞ்சினார்கள். அன்றே எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு, அதாவது இரண்டு வாரங்களுக்குள் வெடிக்கக்கூடும் என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டது. பத்தாம் நாள், ஜூன் 15-இல், அந்த நூற்றாண்டின் மாபெரும் வெடிப்புகளில் ஒன்று நிகழ்ந்தது. அதே நாளில் வந்த புயலின் மழையில் நனைந்த சாம்பல் கூரைகளை அமுக்கி நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. என்றாலும், முன்னமே வெளியேற்றியதால் குறைந்தது 5,000 உயிர்கள் தப்பின என்பது அமெரிக்கத் துறையின் மதிப்பீடு. ஒரு வாயு அளவு குறைந்ததை ஆபத்தாகப் படித்த அந்தத் துணிவை நினைக்கும்போது இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

எரிமலைப் பள்ளம் ஒன்றினுள் அமைந்த இத்தாலியின் பொட்சுவோலி நகரில் 1982 முதல் 1984 வரை நிலம் 1.8 மீட்டர் உயர்ந்தது. சுமார் 40,000 பேர் இடம்பெயர்க்கப்பட்டார்கள், ஆனால் எரிமலை வெடிக்கவில்லை. இதைப் 'பொய்த்த கணிப்பு' என்று எழுதுவது நியாயமன்று. நிலம் உண்மையிலேயே உயர்ந்தது, வீடுகள் விரிசல் கண்டன, அந்த அறிகுறிகளோடு மக்களை அங்கே விட்டுவைத்திருக்க எவருக்கு மனம் வரும்?

இதைவிட எனக்கு வருத்தம் தருவது ஜப்பானின் ஒன்தாகே எரிமலை. 2014 செப்டம்பர் 27, இலையுதிர்கால வண்ணங்களைக் காண மலையேறிகள் குவிந்திருந்த சனிக்கிழமை. எச்சரிக்கை முதல் நிலையில் இருந்தது. அதற்கு அன்று கொடுக்கப்பட்டிருந்த விளக்கம் 'இயல்பு' என்பதே. இரண்டு வாரங்களுக்கு முன் சிறு நிலநடுக்கங்கள் கூடியிருந்தபோதும் நிலை மாறவில்லை. நண்பகலுக்குச் சற்று முன் நீராவி வெடித்து, இறந்தோரும் காணாமற்போனோருமாக 63 பேரை மலை பலிகொண்டது. நிலத்தடி நீர் ஆவியாகி வெடிக்கும் இவ்வகைக்குப் புதுக் குழம்பு மேலே வர வேண்டியதில்லை. ஆகவே முன்னறிகுறியும் மிகச் சொற்பம். மறு ஆண்டே ஜப்பான் வானிலை முகமை அந்த 'இயல்பு' என்ற சொல்லை நீக்கி, 'இது உயிருள்ள எரிமலை என்பதை மனத்தில் கொள்க' என்ற பொருளில் மாற்றியது.

ஆகவே, இனி எரிமலைச் செய்தி வெளியிடும்போது அந்நாட்டு நிறுவனம் அறிவித்திருக்கும் எச்சரிக்கை நிலையையும், அந்த எண்ணுக்கு அவர்கள் கொடுத்திருக்கும் பொருளையும் செய்தியிலேயே சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன். இயன்றால், அந்த அண்டாப் படத்தையும் மாற்றி வரையச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
உடன்குடி.