தாழிக்காட்டில் மண் அள்ளுவதை நிறுத்துங்கள்: ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

ஜூலை, 2020

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுமக்கள் தாழிகள், அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள், கிடைக்கும் தாழிக்காட்டில் குத்தகைக்குச் சவுடு மண் அள்ளுவது பற்றி நாங்கள் கொடுத்த மூன்று மனுக்களும் படங்களும் தங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. அதனால் பழைய கதை வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று கொரோனாவுக்கான தளர்வில்லா முழு ஊரடங்கு. டீக்கடைகூடத் திறக்கவில்லை. ஆனால் காட்டுப் பக்கம் பொக்லைன் சத்தம் கேட்டது. வரப்பு வழியே நடந்து போனேன். அதற்கு அபராதம் உண்டென்றால் கட்டிவிடுகிறேன்.

ஆள் உயரக் குழி. அதன் சுவரில் ஒரு முதுமக்கள் தாழி நெடுக்காகப் பாதி வெட்டுப்பட்டு நின்றது. உள்ளே கறுப்பு சிவப்புக் கிண்ணம் ஒன்று, வைத்தவர்கள் வைத்தபடியே. மறுபாதி எங்கே என்று கேட்டேன். “அது லோடுல போயிடுச்சு சார்” என்றார் டிரைவர். மழை வரும்போல் இருந்தது. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் கருவேலங்குச்சியில் கட்டி அளவெடுத்தேன். பிறகு உரச்சாக்கைப் போட்டு மூடிவிட்டு வந்தேன்.

டேப் பிடிக்க வேண்டிய நண்பர்கள் பக்கத்து மாவட்டம். மாவட்டம் தாண்டி வர வாங்க வேண்டிய இ-பாஸில் திருமணம், மருத்துவம், இறப்பு என்றுதான் காரணங்கள் இருக்கின்றன. இறப்பு என்று போட்டுவிடலாம்தான். ஆனால் தாழிக்குள் இருப்பவர் நெருங்கிய உறவினர் என்று எந்த வி.ஏ.ஓ. சான்று தருவார்? கூட்டம் கூடாது என்கிறீர்கள், சரி. முப்பது மீட்டர் டேப்பின் இரு முனைகளில் நிற்பவர்களுக்குச் சமூக இடைவெளியில் என்ன குறை?

மார்ச்சில் நின்ற கீழடி ஆறாம் கட்ட அகழாய்வு மே மாதமே மறுபடி தொடங்கிவிட்டது. ஜூனில் அதன் பக்கத்து ஊரான கொந்தகையில் குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். இங்கே கிடைக்கிற எலும்பு சவுடோடு சேர்ந்து யார் வீட்டு அஸ்திவாரத்துக்கோ போகிறது.

மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கிண்ணம் பத்து ரூபாய் பெறுமா என்று பார்ப்பதில்தான் பதில் தாமதமாகிறதோ என்னவோ. மன்னிக்கவும், கேட்க வந்தது இதுவல்ல.

தொல்லியல் அலுவலர் ஒருவர் நேரில் வந்து பார்க்கும்வரை தாழிக்காட்டில் மண் அள்ளுவதை நிறுத்தி வையுங்கள். குத்தகையை ரத்து செய்யச் சொல்லவில்லை. அவர் வந்து பார்க்கும்வரை நிறுத்துங்கள், அவ்வளவுதான். முடிந்தால் அங்கே அளவெடுக்க எனக்கும் நண்பர்களுக்குமாக எங்கள் நால்வருக்கும் ஓர் அனுமதிக் கடிதம் தரும்படி பணிவுடன் வேண்டுகிறேன். கிண்ணம் இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. சாக்கு எத்தனை மழைக்குத் தாங்கும் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
தாழிக்காட்டுக்கு அடுத்த ஊர்க்காரன்