காய்ச்சல் விட்டதும் நிறுத்தலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'டான்சில் வீங்கினால் ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுங்கள்; காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடலாம்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது என்பது தாங்கள் அறியாததல்ல. மூக்கு ஒழுகி, இருமலும் இருந்து, குரலும் கம்மியிருந்தால் அநேகமாக வைரஸ்தான். ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. இருமலே இல்லாமல் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் தொட்டால் வலிக்கிற நெறிக்கட்டி என்று சேர்ந்து வந்தால்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா கிருமியோ என்று டாக்டர் சந்தேகப்படுவார். தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவியெடுத்துச் சோதிக்கவும் வழி இருக்கிறது. அந்தக் கிருமிதான் என்றால் பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், வழக்கமாக 10 நாள். காய்ச்சல் முன்னாடியே விட்டாலும் டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும்.

என் தங்கைக்குச் சின்ன வயதில் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினார்கள். சில வாரத்தில் முழங்கால் வீங்கியது, அப்புறம் கணுக்கால். அந்தத் தொண்டைக் கிருமியின் பின்விளைவாக வருகிற ருமாட்டிக் காய்ச்சல் என்றார்கள். இதய வால்வையும் விடவில்லை. அதிலிருந்து, அது மறுபடி வராமலிருக்க, 21 நாளுக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி. பால் மாதிரி வெள்ளையாக, கெட்டியான மருந்து. பாதியில் அடைத்துக்கொள்ளும், நர்ஸ் வேறு ஊசி மாற்றி மறுபடி குத்துவார். மறுநாள் காலை இழுத்து இழுத்துப் பள்ளிக்கூடம் போவாள். உங்கள் வரியைப் படித்துவிட்டு எந்தத் தாய் மாத்திரையை நிறுத்தப்போகிறாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மெடிக்கலில் தொண்டை வலி என்று சொன்னதும் சீட்டுகூடக் கேட்காமல் அசித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாட்டிக் மூன்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார்கள். டாக்டர் சீட்டில்லாமல் தரக்கூடாது என்று அட்டையில் சிவப்புக் கோடு இருப்பதை வாங்குபவரும் பார்ப்பதில்லை, விற்பவரும் பார்ப்பதில்லை. இதைப் பற்றி முன்பே எழுதினேன், பிரசுரமாகவில்லை. டான்சிலுக்கு ஐஸ்கிரீம்தான் காரணம் என்று அரைப் பக்கம் போட்டபோதும் எழுதினேன். ஒரு வாசகியின் கடிதத்துக்கு இடமில்லை என்றால் சரி, பொறுத்துக்கொள்கிறேன். குழந்தைகளுக்கான மருந்து விஷயத்தில் பொறுக்க முடியவில்லை.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கோவில்பட்டி.